வண்டி ஓட்டும்போது காதில் இயர்போன்: ஆயிரம் ரூபாய் அபராதம் எந்தச் சட்டப்படி?

இரட்டைச்சக்கரம் | வியாழன் இரவு 9.40

நேற்று மாலை அலுவலகம் முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் நின்றபோது ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்தேன். அதுவே வினையாகிவிட்டது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஓரங்கட்டச் சொன்னார். உரிமம், காப்பீடு, புகைச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. அவர் கேட்டது ஒன்றுதான்: "காதில் என்ன அது?"

வலது காதில் ஒரு சின்ன புளூடூத் இயர்போன். செல்போன் பைக்குள் இருந்தது. யாரிடமும் பேசவில்லை, பழைய பாட்டு ஒன்று மெல்லிய ஒலியில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்குச் சலான் வந்துவிட்டது. அதில் 'வாகனம் ஓட்டும்போது செல்போன் பயன்படுத்தியது' என்று இருக்கிறது. பணம் பெரிதில்லை (பொய், மாதக் கடைசி). ஆனால் செய்யாத குற்றத்துக்கு எப்படிக் கட்டுவது? காதில் இயர்போன் போடக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோற்றுமூட்டை | வியாழன் இரவு 9.58

நண்பரே, உங்களுக்கு ஒரு முறை. எனக்கு இது மாதாந்திரத் திருவிழா. நான் உணவு விநியோகம் செய்பவன். ஒரு நாளில் பத்து மணி நேரம் சாலையில் இருக்கிறேன். 'இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்' என்று காதில் சொன்னால் கண் சாலையில் இருக்கும். அதுவும் கூடாது என்றால் திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். எது ஆபத்து என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.

கறுப்புக்கோட்டு | வியாழன் இரவு 10.35

மோட்டார் வாகன வழக்குகளில்தான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெட்போன், இயர்போன் என்ற சொற்களே கிடையாது. உங்கள் மீது போட்டிருப்பது 184ஆவது பிரிவாக இருக்கும். ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுவது பற்றியது அது. 2019 திருத்தத்தில் அதற்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சிவப்பு விளக்கை மீறுவது, எதிர்த்திசையில் வருவது போன்றவற்றோடு 'கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது' என்பதும் அதில் இருக்கிறது. முதல் முறைக்குக் குறைந்தது ஆயிரம் ரூபாய், அதிகபட்சம் ஐயாயிரம். நீதிமன்றம் நினைத்தால் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறையும் உண்டு. மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் பத்தாயிரம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகளை உயர்த்தியபோது இந்தக் குற்றத்துக்கு ஆயிரம், பத்தாயிரம் என்றே வைத்தார்கள்.

ஆகவே சட்டம் கையைப் பார்க்கிறது, காதைப் பார்க்கவில்லை. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதித் திருத்தம் இன்னும் ஒரு படி போய், அந்தக் கைக்கருவியையே வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்கிறது. சோற்றுமூட்டை, உங்கள் கேள்விக்குப் பாதி விடை இது.

ஆனால் உடனே துள்ள வேண்டாம். அதே 184இன் விளக்கத்தில் கடைசியாக ஓர் உட்பிரிவு இருக்கிறது. திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கும் தரத்துக்கு வெகுவாகக் கீழே போய் எவ்விதத்தில் ஓட்டினாலும் அது ஆபத்தான ஓட்டுதல்தான் என்று பொதுவாகச் சொல்கிறது. காதில் பாட்டு அலறி, பின்னால் வந்த ஆம்புலன்ஸ் கேட்கவில்லை என்றால் அந்த வலையில் விழுவீர்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாததற்கு 194E பிரிவு தனியாக இருக்கிறது, அங்கே பத்தாயிரம். 'கேட்கவில்லை ஐயா' என்பதை எந்த நீதிபதியும் இதுவரை என்னிடம் ரசித்ததில்லை.

உங்கள் சலானை எதிர்க்கலாம். அபராதம் கட்டுவது என்பது சமரசம் செய்துகொள்வது. கட்ட மறுத்து நீதிமன்றத்தில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. செல்போன் கையில் இருந்ததற்குப் புகைப்படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரட்டைச்சக்கரம் | வியாழன் இரவு 10.50

புகைப்படம் இருக்கிறது. அதில் நான் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைத் துடைக்கிறேன். கையில் இருப்பது கைக்குட்டை.

சோற்றுமூட்டை | வியாழன் இரவு 10.52

வழக்கறிஞர் ஐயா, செல்போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு பேசுகிறார்களே, அது கைக்கருவியா, தலைக்கருவியா?

கறுப்புக்கோட்டு | வியாழன் இரவு 11.05

சிரிக்காதீர்கள், இது நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய கேள்விதான். கருவி கையில் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டது, எங்கே செருகினாலும் அது கைக்கருவியே என்று காவல்துறை சொல்லும். கையே படவில்லை என்று நாங்கள் சொல்வோம். 2018இல் கேரள உயர் நீதிமன்றத்தில் இதையொட்டி ஒரு வழக்கு வந்தது. ஓட்டிக்கொண்டே செல்போனில் பேசியவர் மீது அங்கே கேரளக் காவல் சட்டத்தின் 118(e) பிரிவில் வழக்குப் போட்டிருந்தார்கள். பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிப்பது பற்றிய பிரிவு அது. வெறுமனே பேசினார் என்பதற்காக அந்தப் பிரிவு பொருந்தாது, ஆபத்து விளைந்ததைக் காட்ட வேண்டும் என்று இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. 'செல்போனில் பேசலாம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று அதை ஊரெல்லாம் பரப்பினார்கள். அப்படிச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. மத்திய மோட்டார் வாகன விதி 21இல், உரிமத்தை நிறுத்தி வைக்கத்தக்க செயல்களின் பட்டியலில், செல்போன் பயன்பாடும் உண்டு. குறைந்தது 3 மாதம் நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆயிரம் ரூபாயோடு போனால் அதிர்ஷ்டம் என்று நினையுங்கள்.

பாரிஸ் பரணி | வெள்ளி காலை 6.20

இங்கே பிரான்ஸில் இந்தக் குழப்பம் எல்லாம் கிடையாது. 2015 ஜூலை 1 முதல், வாகனம் ஓட்டும்போது ஒலி எழுப்பக்கூடிய எந்தக் கருவியும் காதுக்குள் இருக்கக்கூடாது. ஒரு காது, இரண்டு காது என்ற பேச்சே இல்லை. பாட்டுக் கேட்டாலும், கதைத்தாலும், சும்மா செருகி வைத்திருந்தாலும் ஒன்றுதான். தண்டப்பணம் 135 யூரோ, அனுமதிப்பத்திரத்தில் மூன்று புள்ளிகள் போய்விடும். மொத்தமே பன்னிரண்டு புள்ளிகள்தான். சைக்கிள்காரருக்கும் அதே தண்டம், புள்ளி மட்டும் தப்பும்.

நான் மரக்கறிப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் லா ஷப்பெல் கடைகளுக்கு வான் ஓட்டுகிறேன். 2016இல் பிடிபட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா அழைத்திருந்தார், எடுக்காமல் விட மனம் வரவில்லை. விரைந்து கட்டியதால் 90 யூரோவாகக் குறைந்தது. 'அம்மாவா?' என்று பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே எழுதினார், எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வானுக்குள் பொருத்திய ஒலிபெருக்கியில் கதைக்கலாம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஒலிபெருக்கி இருந்தால் அதுவும் தடையில்லை. காது கேட்கும் கருவிக்கும் விலக்கு உண்டு.

விரிகுடாவாசி | வெள்ளி காலை 7.02

கலிபோர்னியாவில் இரண்டு காதிலும் இருந்தால்தான் குற்றம். வாகனச் சட்டத்தின் 27400ஆவது பிரிவு, சைக்கிளுக்கும் சேர்த்து. ஒரு காதில் தாராளமாகப் போடலாம். எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் ஒற்றைக் காதோடுதான் கார் ஓட்டுகிறார்கள். அமெரிக்கா முழுவதும் இதே விதி என்று எண்ண வேண்டாம். டெக்சஸில் இப்படி ஒரு தடையே இல்லை. மாநில எல்லை தாண்டினால் காதுக்குப் புதுச் சட்டம்!

நெடுஞ்சாலை நாகு | வெள்ளி காலை 8.15

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எல்லாரும் சட்டம் என்ன சொல்கிறது என்றே கேட்கிறீர்கள். வண்டி என்ன சொல்கிறது என்று ஒருவராவது கேட்டீர்களா?

டயரில் காற்று இறங்குவது முதலில் காதுக்குத்தான் தெரியும். பிரேக் கட்டை தேய்ந்தால் அது கத்தும். கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று இன்ஜின் சொல்லும், மீட்டரைப் பார்த்து மாற்றுபவன் பழகுநர். நடத்துநர் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போகலாம். படியில் ஒரு பாட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த ஒற்றை விசில் கேட்காவிட்டால் என்ன ஆகும்?

வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும். ஏறிவருகிறவனை எப்படிப் பார்ப்பது? பாறை மறைக்கும், மேலே மூடுபனி வேறு. கீழே இருந்து ஆரன் சத்தம் வரும், நாம் ஒன்று கொடுப்போம், அவன் பதில் கொடுப்பான். அங்கே காதுதான் கண். அந்தப் பாதையில் காதை அடைத்துக்கொண்டு இறங்குகிற பிள்ளைகளை இப்போது பார்க்கிறேன். வயிறு கலங்குகிறது.

ஆயிரம் ரூபாய் கட்டியவர் கட்டட்டும். மலிவு.

இரட்டைச்சக்கரம் | வெள்ளி காலை 9.30

நாகு ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் ஒரு கேள்வி. அந்தக் காலத்துத் தனியார் பேருந்துகளில் நான்கு ஒலிபெருக்கிகளில் பாட்டு அலறுமே, ஓட்டுநர் தலைக்கு மேலேயே ஒன்று இருக்குமே, அதில் விசில் கேட்டதா? கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிர்சாதனம் போட்டு, பின்இருக்கை அதிரப் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற காரை யாரும் நிறுத்துவதில்லை. என் ஒற்றைக் காதுதான் நாட்டுக்கு ஆபத்தா?

இன்னும் சொல்கிறேன். காதே கேட்காதவர்களுக்கு நம் நாட்டில் உரிமம் கொடுக்கிறார்கள். அவர்கள் ஓட்டலாம், நான் மெல்லிய ஒலியில் பாட்டுக் கேட்கக்கூடாது என்பது என்ன நியாயம்?

கறுப்புக்கோட்டு | வெள்ளி காலை 10.10

தகவலுக்காக மட்டும்: காது கேளாதவர்களுக்கு உரிமம் மறுக்கக்கூடாது, ஓட்டுநர் சோதனையில் தேறினால் கொடுக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2011இல் சொன்னது. 2016இல் மத்திய அரசும் மாநிலங்களுக்கு அதையே எழுதியது. இரட்டைச்சக்கரத்தின் வாதம் குறுக்கு விசாரணைக்கு நல்ல வாதம். விடை சொல்ல நான் ஆளில்லை.

கைமொழி | வெள்ளி மதியம் 1.25

நான் ஆள். பிறவியிலேயே காது கேளாதவள். ஆறு ஆண்டுகளாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், ஒரு கீறல் இல்லை (ஒரு மாடு தவிர, அது அதன் தவறு).

எங்களை உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். நான் வண்டியை எடுத்தால் நான்கைந்து நொடிக்கு ஒரு முறை கண்ணாடியைப் பார்ப்பேன். பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்திருந்தால் வண்டியை எடுக்கவே மாட்டேன். உங்கள் தெருவில் எத்தனை வண்டிகளுக்குக் கண்ணாடி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், இருந்தாலும் அவை வானத்தைப் பார்க்கும். முன்னால் போகிறவர்கள் திடீரென்று ஓரம் ஒதுங்கினால் பின்னால் ஆம்புலன்ஸ் என்று எனக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூட வாசலில் வேகத்தைக் குறைப்பது எனக்கு வெறும் பழக்கம் அல்ல, பிழைப்பு.

எனக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்குக் கேட்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. காது கேட்கும் ஆள் மாதிரியே ஓட்டிக்கொண்டு, காதை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள்.

இரட்டைச்சக்கரம் | வெள்ளி மதியம் 1.40

வாயடைத்துப் போனேன். உங்களை அப்படி இழுத்ததற்கு மன்னியுங்கள்.

செவிச்செல்வி | வெள்ளி மாலை 5.45

கேட்டியல் நிபுணராக இருக்கிறேன், காது சோதனை செய்து கருவி பொருத்துவது என் வேலை. காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் ஓய்வு கிடைத்தது.

முதலில் 'ஒற்றைக் காது பரவாயில்லை' என்பதைப் பார்ப்போம். ஒரு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. வலப்பக்கத்து ஆரன் வலது காதுக்குச் சற்று முன்னும் இடது காதுக்குச் சற்றுப் பின்னும் வரும். அந்த இடைவெளி, மிக அதிகமாகப் போனால், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சத்தத்தின் அளவிலும் இரண்டு காதுக்கும் சிறு வேறுபாடு இருக்கும். ஒரு காதை அடைத்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். ஆரன் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. இரண்டு பக்கமும் திரும்பித் தேடுகிற அந்த ஒரு நொடியில் ஸ்கூட்டர் பத்து மீட்டருக்கு மேல் போய்விடும். கலிபோர்னியாச் சட்டம் ஒரு காதைத் திறந்து வைத்திருக்கிறது என்பது உண்மை. திசையைத் திறந்து வைக்கவில்லை.

அடுத்தது, 'மெல்லிய ஒலியில் பாட்டு'. வீட்டில் மெல்லியதாக இருந்தது சாலையில் கேட்காது. ஆகவே கூட்டுவீர்கள். என்னிடம் வருகிற இளைஞர்கள் எல்லாருமே மெல்லிய ஒலியில்தான் கேட்கிறார்களாம்! ஒலி பற்றிய ஒரு கணக்கு: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிடம்தான். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே அந்த அளவை நெருங்கும். அதற்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமானால் எவ்வளவு கூட்ட வேண்டும்? இதே காரணத்துக்காகத் தொலைதூரம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பஞ்சு போன்ற காதடைப்பான் போடுகிறார்கள். அது தவறில்லை, காற்று, ஆரன் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒன்றாகக் குறைக்கும். பாட்டு அப்படியல்ல. ஆரனுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரைச்சல் நீக்கும் வகை இயர்போன் இன்னும் மோசம். இன்ஜின் உறுமல், லாரி நெருங்கும் அதிர்வு போன்ற தாழ்ந்த ஒலிகளைத்தான் அது நன்றாக அழிக்கிறது. நாகு ஐயா சொன்னாரே, வண்டி பேசும் என்று, அந்தப் பேச்சைத்தான் அது வாயடைக்கிறது.

மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது. இதைச் சொன்னால் இரண்டு தரப்பும் என்னைத் திட்டும். பாட்டை விடப் பேச்சு ஆபத்து. செல்போன் கையில் இருக்கிறதா, காதில் இருக்கிறதா, காரின் ஒலிபெருக்கியில் இருக்கிறதா என்பது அவ்வளவாகப் பொருட்டில்லை. டொரண்டோவில் 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்கை வைத்து 1997இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பேசும் நேரத்தில் மோதல் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு அதனால் நன்மை எதுவும் தென்படவில்லை. பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தில் செயற்கை ஓட்டுநர் இருக்கையில் வைத்துப் பார்த்தபோதும் அப்படியே. கண் சாலையில்தான் இருக்கிறது, பார்த்தது மனத்தில் ஏறவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர், நெரிசல் வந்தால் தானாகவே பேச்சை நிறுத்துவார், 'பார்த்து, பார்த்து' என்று ஓட்டுநருக்குத் துணையாகவும் இருப்பார். தொலைபேசியில் இருப்பவருக்கு உங்கள் சாலை தெரியாது. பரணி, உங்கள் நாட்டுச் சட்டம் காதிலிருந்து எடுத்து ஒலிபெருக்கிக்கு மாற்றியது. அம்மாவின் குரல் அதேதான்.

பாரிஸ் பரணி | வெள்ளி இரவு 8.30

உண்மைதான் அக்கா. இப்போதும் ஒலிபெருக்கியில் கதைத்துக்கொண்டு போய்த் திருப்பத்தைத் தவறவிடுகிறேன். தண்டம் இல்லை என்பதால் தப்பு இல்லை என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

சோற்றுமூட்டை | வெள்ளி இரவு 11.50

இப்போதுதான் வேலை முடிந்தது. செவிச்செல்வி அக்கா சொன்னது எல்லாம் சரி. எங்கள் நிலைமையையும் கேளுங்கள். சோறு ஆறுவதற்குள் வாடிக்கையாளர் மூன்று முறை அழைப்பார். 'எங்கே இருக்கிறீர்கள்?' என்பார். எங்கே இருப்பேன், அவர் அழைப்பை எடுக்கிற வண்டியின் மேல் இருக்கிறேன். எடுக்காவிட்டால் நட்சத்திரம் குறையும், நட்சத்திரம் குறைந்தால் அடுத்த நாள் வேலை குறையும். ஓரமாக நிறுத்திப் பேசினால் நேரம் போகும். ஆகவே காதில் மாட்டிக்கொள்கிறோம். அபராதம் என் உரிமத்துக்கு. அழைப்பவருக்கு எதுவும் இல்லை.

வழிகாட்டும் குரல் மட்டும் என்றால்?

செவிச்செல்வி | சனி காலை 7.10

தம்பி, வழிகாட்டும் குரல் நான்கு சொல் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பதில் எதிர்பார்க்காது, கோபித்துக்கொள்ளாது. அதை உரையாடலோடு சேர்க்க மாட்டேன். ஆனால் அதற்குக் காதை அடைக்க வேண்டியதில்லை. ஹெல்மெட்டின் உட்புறத்தில் காதுக்கு வெளியே ஒட்டுகிற தட்டையான ஒலிபெருக்கிகள் கிடைக்கின்றன. கன்ன எலும்பில் பதியும் வகையும் உண்டு, அதில் காதுத்துளை திறந்தே இருக்கும். ஒலியைக் குறைத்து வைத்துப் பழகுங்கள். அழைப்புக்கு மட்டும் ஓரங்கட்டுங்கள். நட்சத்திரத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

கறுப்புக்கோட்டு | சனி காலை 7.40

அதையும் கையில் தொட்டு அழைப்பை எடுத்தால் 184 என்று ஒரு காவலர் சொல்லக்கூடும். ஹெல்மெட்டைக் குடைந்து ஒலிபெருக்கி வைக்காதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை குடையாத ஹெல்மெட்டுக்குக் கொடுத்தது.

இன்னொரு பக்கத்தையும் யாரும் பேசவில்லை. விபத்து நடந்துவிட்டால் ஆயிரம் ரூபாய்ப் பேச்சு எல்லாம் காணாமல் போகும். அலட்சியத்தால் ஒருவர் இறந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை. நீங்களே அடிபட்டு இழப்பீடு கேட்டுப் போனாலும், காதில் இயர்போன் இருந்தது என்று ஒரு சாட்சி சொன்னால், எதிர்த்தரப்புக் காப்பீட்டு வழக்கறிஞர் 'மனுதாரரின் கவனக்குறைவும் காரணம்' என்று எழுந்து நிற்பார். நானே அந்தத் தரப்பில் இருந்தபோது எழுந்து நின்றிருக்கிறேன்.

நெடுஞ்சாலை நாகு | சனி காலை 9.00

உத்தரப் பிரதேசத்தில் குஷிநகர் மாவட்டத்தில் 2018 ஏப்ரலில் ஆளில்லாத ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதியதே, நினைவிருக்கிறதா? பதிமூன்று குழந்தைகள். ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார் என்று அந்த மாநில முதல்வரே அன்று சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் பதோஹியிலும் இதே மாதிரி ஒரு பள்ளி வேன், ஓட்டுநர் காதில் இயர்போன் என்ற அதே செய்தி. அந்த வாரம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் காலத்தில் ஆளில்லாத கேட் வந்தால் வண்டியை நிறுத்திவிடுவோம். நடத்துநர் இறங்கித் தண்டவாளத்துக்குப் போய் இரண்டு பக்கமும் பார்த்து, கையைக் காட்டிய பிறகுதான் கிளட்ச்சை விடுவோம். பயணிகள் முணுமுணுப்பார்கள்.

கறுப்புக்கோட்டு | சனி காலை 9.20

ஐயா செய்தது வழக்கம் மட்டுமல்ல, சட்டம். 131ஆவது பிரிவு. ஆளில்லாத ரயில் கேட்டில் வண்டியை நிறுத்தி, நடத்துநரோ கிளீனரோ இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும், அப்படி யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும். அகல ரயில் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகளை 2019 தொடக்கத்தோடு அகற்றிவிட்டார்கள் என்பதால் இந்தப் பிரிவை இப்போது யாரும் படிப்பதில்லை. ஆனால் இறங்கி நின்றவனுக்கு ரயில் கண்ணுக்குப் படாவிட்டாலும் காதில் கேட்டிருக்கும்.

விரிகுடாவாசி | சனி காலை 10.05

ஓட்டுகிறவர்கள் மட்டுமா? அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை ஹெட்போன் அணிந்து நடந்து சென்றபோது வாகனம் மோதிய 116 பேரின் செய்திகளைத் திரட்டி மேரிலாந்து மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் பாதிக்கு மேல் ரயில் மோதியவை. ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு ஆரனோ மணியோ ஒலித்திருக்கிறது, அவர்களுக்குத்தான் எட்டவில்லை.

மட்டுறுத்துநர் | சனி மதியம் 12.00

ஹெல்மெட் கட்டாயம் தேவையா என்று இடையில் வந்த பதினேழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே காதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரட்டைச்சக்கரம் | செவ்வாய் இரவு 8.20

தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கைக்குட்டைப் புகைப்படத்தோடு எதிர்ப்பு மனு கொடுத்திருக்கிறேன். கறுப்புக்கோட்டு ஐயா சொன்னபடி, 'செல்போன் கையில் இல்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டேன், பாட்டைப் பற்றி நீட்டவில்லை.

நேற்று அலுவலகத்துக்கு இயர்போன் இல்லாமல் போனேன். முதல் வியப்பு, என் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தில் ஒரு கிரீச் சத்தம். எத்தனை நாளாக இருக்கிறதோ தெரியாது. மெக்கானிக் பிரேக்கைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அறுநூற்று ஐம்பது ரூபாய். நாகு ஐயா சிரிக்க வேண்டாம்.

நெடுஞ்சாலை நாகு | செவ்வாய் இரவு 9.15

சிரிக்கவில்லை தம்பி. ஒன்று சொல்ல வேண்டும், நான்கு நாளாகச் சொல்லாமல் இருந்தேன்.

எங்கள் பழைய பேருந்துகளில் இன்ஜின் முன்னால் இருக்கும், ஓட்டுநரின் இடது கைப்பக்கம், பானெட்டுக்கு அடியில். முப்பத்தொரு ஆண்டு அந்தச் சத்தம் என் இடது காதருகில் ஓடியது. இப்போது அந்தக் காது பாதிதான். போன ஆண்டு மகள் கருவி வாங்கிக் கொடுத்தாள், மெல்லிய கம்பி காதுக்குள் போகும் வகை. தூரத்தில் பார்த்தால் உங்கள் இயர்போன் மாதிரியே இருக்கும்.

போன மாதம் மொபெட்டில் போகும்போது என்னையும் நிறுத்தினார்கள். சின்ன வயதுக் காவலர். "பெரியவரே, இந்த வயதில் பாட்டா?" என்றார். நான் விளக்கவில்லை. கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். கையை மூடினார். உடனே அது கீச்சென்று விசில் அடித்தது. பயந்து கையை உதறப் போனார், பிடித்துக்கொண்டேன், முப்பதாயிரம் ரூபாய்ப் பொருள். ஒற்றை விசில். நான் என்னை அறியாமல் பிரேக்கை மிதித்துவிட்டேன், வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

செவிச்செல்வி | செவ்வாய் இரவு 9.40

கருவியை உள்ளங்கையில் மூடினால் ஒலி அதன் ஒலிவாங்கிக்கே திரும்பிப் போகும் ஐயா, அதுதான் அந்த விசில். அடுத்த முறை கழற்றிக் கொடுக்கும்போது பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டுக் கொடுங்கள். கருவிக்கான மருத்துவச் சீட்டின் நகலை உரிமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். இடது காதை மட்டும் சோதித்தார்களா, வலதையும் பார்த்தார்களா?